சந்தையில் அடித்த கை

ஒவ்வொரு ஆனி மாதமும் நீங்கள் மாறி மாறி என்னைக் குதிரைச் சந்தைக்குக் கூப்பிடுகிறீர்கள். பேரப்பிள்ளைகளைக் குதிரை வண்டியில் ஏற்றிப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். "நீயும் வாவன், பழைய ஆக்கள் எல்லாரும் நிக்கிறம்" என்று பிராண்டேயிலிருந்து கார் ஓட்டி வந்தவர்கள்கூடத் தொலைபேசியில் சொல்கிறீர்கள். நான் சாட்டுச் சொல்கிறேன். முழங்கால் நோ, வேலை, மழை வரும்போல இருக்கிறது. எல்லாம் பொய். அந்தச் சந்தைக்கு நான் போகாமல் விட்ட வருஷம் மிகக் குறைவு. உங்களோடு போவதில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் காலையில், கூட்டம் சேர முந்தித் தனியாகப் போவேன். மைதானத்தின் மூலையில் இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே ஒரு வண்டி நிற்கும் இடம் இருந்தது. இப்போது அங்கே பிள்ளைகளுக்குப் பலூன் விற்கிறார்கள். அந்த வண்டி அங்கே இல்லை என்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். அதைப் பார்த்தால்தான் எனக்கு அந்த வருஷம் நன்றாகப் போகும். இந்த வயதில் இப்படி ஒரு வன்மமா என்று கேட்பீர்கள். ஓம், இந்த வயதில்தான்.

எண்பதுகளின் நடுவில், நாங்கள் அகதிகளாக இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில், உங்களில் பலர் விபோர்க், இக்காஸ்ட் நகரங்களில் இருந்தீர்கள். ஆளுக்கு ஆள் துணை இருந்தது. எங்களை மட்டும் இந்தச் சின்ன ஊரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊருக்கே முதல் தமிழ்க் குடும்பம் நாங்கள்தான். அப்பா, அம்மா, நான். அண்ணா யாழ்ப்பாணத்தில் சித்தப்பா வீட்டில் நின்றான். உயர்தரச் சோதனை எழுதிவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. "ஒரு வருஷந்தானே, கண்ணை மூடித் திறக்கப் போயிடும்" என்று சொல்லித்தான் அப்பா அம்மாவை விமானம் ஏற்றினார்.

கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தொலைபேசி என்ற பேச்சே கிடையாது. அந்த வருஷம் மாசிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வைகாசியில் ஜெர்மனிக்கு வந்த யாரோ ஒருவர் அங்கிருந்து ஒரு சின்னப் பொதி அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் கசெற். அண்ணாவின் குரல். எங்களிடம் அப்பாவின் சினேகிதர் ஒருவர் கொடுத்த ஜப்பான் ரேப் ரெக்கோடர் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர், தூக்கிக்கொண்டு போகக் கைபிடி, மூடியில் ஒரு வெடிப்பு. அப்பா கசெற்றைப் போட்டார். "அம்மா, நான்தான். இதில பேசினால் விழுதோ தெரியேல்ல" என்று அண்ணா தொடங்கினான்.

உங்கள் வீடுகளிலும் அப்படிக் கசெற்றுகள் வந்திருக்கும். ஒரு பக்கத்தில் அவர்கள் கதைப்பார்கள், மறுபக்கத்தை வெறுமையாக விடுவார்கள். அதில் நாங்கள் கதைத்துத் திருப்பி அனுப்பவேண்டும். அண்ணா ஒரு பக்கம் முழுக்கக் கதைத்திருந்தான். கணக்குப் பாடத்தைப் பற்றி, சைக்கிள் ரியூப்பைப் பற்றி, சித்தி சம்பலுக்கு உப்புப் போடுவதில்லை என்பதைப் பற்றி. ஊர் நிலைமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னால் ஒரு சேவல் கூவும். நடுவில் ஒரு இடத்தில் இருமுவான்.

அம்மா சமைக்கும்போது தினமும் அதைப் போடுவா. போட்டுவிட்டு இடையிடையே பதில் சொல்லுவா. அவன் ரியூப்பைப் பற்றிச் சொன்னால் "சித்தப்பாட்டை கேளன் ராசா" என்பா. இருமினால் "குளிச்சிட்டுத் தலை துவட்டுறேல்லை" என்று கரண்டியைக் காட்டி ஏசுவா. அவனுக்குக் கேட்காது என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதோ" என்றா. அடுத்த நாளும் ஏசினா.

மறுபக்கத்தில் என்ன கதைத்து அனுப்புவது என்றுதான் அம்மாவுக்கு யோசனை. வாயைத் திறந்தால் அழுகை வரும், அழுகையை அனுப்பக்கூடாது. அப்பாதான் யோசனை சொன்னார். இங்கே இந்த ஊரில் சந்தை வருகிறது. குதிரை கனைக்கும், வாத்தியம் வாசிப்பார்கள். அதையெல்லாம் பதிந்து அனுப்பினால் பெடியன் சந்தோஷப்படுவான். அழவும் தேவையில்லை. அம்மாவுக்கு அது பிடித்துப்போனது.

அந்தச் சந்தை ஊரின் தேவாலயத்தைவிடப் பழையது என்று எங்கள் வகுப்பு ரீச்சர் சொல்லியிருந்தா. ராசாக்கள் காலத்தில் யூலன்ட் பகுதி முழுவதிலுமிருந்து குதிரையும் மாடும் கொண்டுவந்து விற்ற இடம். முதல் நாள் காலையில் மணி அடித்து, நகரசபை ஆள் ஒருவர் பழைய காலத்து உடுப்போடு குதிரையில் ஏறி நின்று ஒரு அறிவித்தலை வாசிப்பார். இந்த மூன்று நாளும் இந்த மைதானத்தில் சமாதானம், கள்ளத் தராசும் கள்ள வாக்கும் கள்ளக் கையும் உள்ளவனுக்கு இங்கே இடமில்லை. சனம் சிரித்துக்கொண்டு கைதட்டும். அது அவர்களுக்கு விளையாட்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையான எனக்கு அது சட்டம். வார்த்தைக்கு வார்த்தை மனதில் வைத்திருந்தேன்.

கள்ளக் கை என்றால் என்ன என்றும் ரீச்சர் விளங்கப்படுத்தியிருந்தா. குதிரைச் சந்தையில் கடதாசி இல்லை, கையெழுத்து இல்லை. ஒருவன் உள்ளங்கையை நீட்டுவான், மற்றவன் அதில் அடிப்பான். விலை சரிவராவிட்டால் கையை இழுத்துவிடுவான். சரிவந்தால் சுற்றி நிற்கிறவர்கள் பார்க்கத்தக்கதாக ஓங்கி அடிப்பார்கள். அதோடு வியாபாரம் முடிந்தது. பிறகு மாறக்கூடாது. மற்றவனை ஏமாற்றவென்றே அடிப்பது கள்ளக் கை.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு மொழிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது ஒன்றுதான்: இந்த நாட்டில் யாரைக் கண்டாலும் கை கொடுக்கவேண்டும், கையை உறுதியாகப் பிடிக்கவேண்டும், கண்ணைப் பார்க்கவேண்டும். ஊரில் தபால் கந்தோரில் மரியாதையாக இருந்த மனிதர், இங்கே வந்து பஸ் சாரதிக்கும் கை கொடுத்தார். புரியாததற்கெல்லாம் அவர்களின் மொழியில் ஓம் என்பதற்கு "யா, யா" என்று சொல்லித் தலையை ஆட்டுவார். சிரிக்காதேயுங்கள். நீங்களும் சொன்னவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். குதிரைச் சாணமும் பொரித்த தொத்திறைச்சியும் சீனிப்பாகில் வறுத்த பாதாமும் கலந்த மணம். ஆனி மாதம் என்றாலும் அம்மா கம்பளிச் சட்டை போட்டிருந்தா. அப்பா ரெக்கோடரைத் தோளில் தூக்கிக்கொண்டு, எங்கே சத்தம் நன்றாக இருக்கிறது என்று பார்த்து நடந்தார். போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குக் கழிவறைக்குப் போகவேண்டும். வழி கேட்க வாய் நான்தான். இரண்டு பேருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்றால் ஒருவர் தனியாகத்தான் நிற்கவேண்டும். அப்பாவை அந்த இரண்டு மரங்களுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனோம்.

திரும்பி வந்தபோது அப்பாவின் தோளில் ரெக்கோடர் இல்லை. கையில் ஒரு குதிரைச் சேணம் இருந்தது. தோல் வெடித்து, உள்ளே அடைத்த மயிர் வெளியே தெரிந்தது. அப்பா சிரிக்கவும் முடியாமல் சிரிப்பை நிறுத்தவும் முடியாமல் நின்றார்.

"என்னப்பா இது?" என்று அம்மா கேட்டா.

"தெரியேல்ல. அந்த மனுசன் பெட்டியைக் காட்டினான், இதைக் காட்டினான். கையை நீட்டினான், நானும் குடுத்தன். அவன் அடிச்சான், நானும் அடிச்சன். பகிடி எண்டு நினைச்சன். எல்லாரும் கைதட்டிச்சினம். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போயிட்டான்."

"கசெற்?"

கசெற் அதற்குள்தான் இருந்தது, அண்ணாவின் பக்கம் இன்னும் திருப்பாமல்.

அந்த மனுசனைப் பற்றிச் சொல்லவேண்டும். குதிரை யாவாரி. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கட்டிய சிவப்பு லேஞ்சித் துணி, காலில் மரக்கட்டைச் சப்பாத்து, பலகை மாதிரி ஒரு வலக்கை. அந்தப் பக்கம் முழுவதும் அவனுடைய கைக்குப் பேர். அவன் அடித்தால் அடித்ததுதான், மாறமாட்டான், ஏமாற்றமாட்டான் என்று சொல்வார்கள். அந்தப் பேரை வைத்துத்தான் அவன் பிழைத்தான். நான் அவனுடைய வண்டிக்குப் போய், அப்பாவுக்கு விளங்கவில்லை, அவர் வணக்கம் சொல்வதாக நினைத்துத்தான் கை கொடுத்தார் என்று சொன்னேன்.

"உன் அப்பா மூன்று தரம் யா சொன்னார்" என்றான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் தலையாட்டினார்கள்.

"சரி, பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற கசெற்றை மட்டும் தாருங்கள். அது என் அண்ணாவின் குரல்."

அவன் கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னான்: "குதிரையை விற்றவன் லாடத்தைக் கழற்றித் தா என்று கேட்பதில்லை, சின்னப் பெண்ணே." சிரிப்பு எழும்பியது. அவன் அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னான். கொடுத்திருந்தால் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று பின்னேரம் எங்களுக்கு உதவிக்கென்று நகரசபை ஒழுங்குபண்ணியிருந்த மனுசி வந்தா. நல்லவ. குளிருக்குப் போர்வை கொண்டுவந்து தந்தவ, என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவ. அவவிடம் சொன்னால் காரியம் முடியும் என்று அப்பா நம்பினார். நான் முழுவதையும் சொன்னேன். அவ சேணத்தைப் பார்த்துச் சிரித்தா. பிறகு முகத்தைப் பெரிய மனுசியாக வைத்துக்கொண்டு சொன்னா: "இங்கே கையடி என்பது கையெழுத்தைவிடப் பெரியது. நீங்கள்தான் இந்த ஊருக்கு வந்த முதல் குடும்பம். வந்தவுடனேயே வாக்கு மாறினார்கள் என்று பேர் வரவேண்டாம். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். "யா, யா" என்றார்.

போகும்போது அவ கைப்பையிலிருந்து ஒரு புதுக் கசெற் எடுத்து மேசையில் வைத்தா. "கசெற்தானே, இதோ" என்றா. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அவவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எங்களுக்கு நல்ல பேர் வாங்கித் தருவதாகத்தான் நினைத்திருப்பா. அதற்காக என் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

அம்மா சமைக்கப் போனா. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவ திடீரென்று கையை நிறுத்தினா. "இப்ப இருமுவான்" என்றா. அப்பா எழும்பிப் பல்கனிக்குப் போனார். நான் அப்போதே முடிவு எடுத்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் இருந்தது, அது நன்றாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் சேணத்தைச் சைக்கிளின் பின் காரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போனேன். யாவாரி ஒரு வெள்ளைப் பெண்குதிரையின் பிடரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். முதல் நாள் இரவு குடித்தது அவன் கண்ணில் தெரிந்தது. சேணத்தை இறக்கி வைத்து, "மாற்றித் தாருங்கள்" என்றேன்.

"அடித்த கை மாறாது" என்றான். பிறகு பார்வையாளர்கள் இருப்பதைக் கண்டு குஷியானான். "வேறென்ன வைத்திருக்கிறாய் மாற்ற?" என்று என்னைச் சுற்றி வந்து, குதிரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். என் பின்னல் அப்போது இடுப்புக்குக் கீழே. அம்மா ஞாயிறுதோறும் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இழுத்துப் பின்னிவிடுவா. அவன் அதைத் தூக்கிப் பார்த்தான். "இந்த வாலைத் தா. பெட்டியைத் தருகிறேன். சேணத்தையும் நீயே வைத்துக்கொள்" என்று உள்ளங்கையை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். எந்தப் பெண்பிள்ளை கொடுப்பாள்?

"பெட்டியும் உள்ளே இருப்பதுமா?" என்று கேட்டேன். முதல் நாள் படித்த பாடம் அது.

"உள்ளே இருப்பதும்."

ஓங்கி அடித்தேன். அவ்வளவு பெரிய கையில் என் கை அடித்த சத்தம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் சிரித்துக்கொண்டு கையை எடுக்க முந்தி, குதிரையின் பிடரி வெட்டிய கத்தரிக்கோலை வண்டித் தட்டிலிருந்து எடுத்தேன். பின்னல் தடிப்பு, ஒரு வெட்டில் போகவில்லை. நாலைந்து தரம் நெரித்து வெட்டவேண்டியிருந்தது. கழுத்தில் காற்றுப் பட்டது. பின்னலை அவன் கையில் வைத்தேன்.

அவன் முகம் வெளிறிப்போனது. "பகிடிக்குச் சொன்னேன் பிள்ளை" என்றான். பண்ணை வைத்திருந்த ஒரு கிழட்டுக் கமக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "நேற்று இவளின் அப்பாவும் பகிடி என்றுதான் நினைத்தாராம். கை அடித்தாயிற்று, பெட்டியைக் கொடு" என்றார். வேறு வழியில்லை. அவன் வண்டிக்குள் போய் ரெக்கோடரை எடுத்துவந்தான். மூடியைத் திறந்து பார்த்தேன், கசெற் இருந்தது. சேணத்தையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தேன். விட்டுவிட்டு வர மனமில்லை, அதுவும் பேச்சில் இருந்தது.

கதவைத் திறந்த அம்மா என் தலையைக் கண்டதும் கையை ஓங்கினா. பிறகு ரெக்கோடரைக் கண்டா. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தன் வாயிலேயே வைத்துக்கொண்டா. அப்பா ஒன்றும் கேட்காமல் பெட்டியை மேசையில் வைத்து, கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் போட்டார்.

"அம்மா, நான்தான்" என்று வரவேண்டிய இடத்தில் துருத்திபோல இழுத்து வாசிக்கும் கைவாத்தியம் ஒன்று அழுதது. போத்தல் சத்தம். பல பேரின் சிரிப்பு. பிறகு யாவாரியின் குரல். வெள்ளி இரவு வண்டிக்குள் குடித்துக் கும்மாளம் போட்டதை அண்ணாவின் குரலுக்கு மேலே பதிந்திருந்தார்கள்.

"என்ன சொல்லுறான்?" என்று அப்பா கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. "அந்தக் கறுத்த மனிதனுக்கு நான் வியாபாரம் பேசுகிறேன் என்று தெரியாது. வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து அடிக்கிறான். எனக்கு அது அப்போதே தெரியும். அவனுடைய மனைவியை விலைக்குக் கேட்டிருந்தாலும் யா, யா என்று அடித்திருப்பான்." பிறகு அப்பாவைப்போலத் தலையை ஆட்டி "யா, யா" என்று செய்துகாட்டியிருக்கவேண்டும். சிரிப்பு கூரையைப் பிய்த்தது.

அப்பா நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். அவருடைய முகத்தை அப்போது நான் பார்த்தேன், அந்த முகம் இந்த வயதிலும் என்னை விடுவதில்லை. "விடு பிள்ளை. நாங்கள் வந்தாக்கள்" என்றார்.

"அவன்ர குரல் முழுக்கப் போயிட்டுதோ?" என்று அம்மா கேட்டா.

"அழிஞ்சது அழிஞ்சதுதான்" என்று சொல்லிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். மிச்சத்தைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை. பார்க்கவேண்டுமென்றால் முதலில் அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்கவேண்டும்.

நான் அன்று படுக்கையில் அண்ணாவை நினைக்கவில்லை. "எனக்கு அது அப்போதே தெரியும்" என்ற அந்த வசனத்தைத்தான் நினைத்தேன். ரீச்சர் சொன்ன கள்ளக் கை இதுதான்.

ஞாயிறு மத்தியானம் உதவி மனுசி மறுபடி வந்தா. அவசரமாகவும் சந்தோஷமாகவும் இருந்தா. பின்னல் கதை சந்தை முழுக்கப் பரவிவிட்டதாம். கடைசி நாள் ஊர்வலத்தில் ஊருக்குப் புதிதாக வந்த குடும்பத்தை மேடையில் அறிமுகம் செய்யப்போகிறார்களாம். "பிள்ளை உங்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாடட்டும். பெட்டியையும் கொண்டுவரட்டும், அதிலே இசை இருக்கும்தானே?"

"இருக்கு" என்றேன்.

அப்பா வெளிக்கிட்டார். எல்லோருக்கும் முன்னால் நிற்க அவருக்கு விருப்பமே இல்லை, ஆனால் கூப்பிட்டால் போகவேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. அம்மா சேலை உடுத்து, மேலே கோட் போட்டா. என் தலையில் ஒரு லேஞ்சியைக் கட்டிவிட்டா. நடுமைதானத்தில் வைக்கோல் பரப்பி வட்டம் போட்டிருந்தார்கள். யாவாரி தன் வெள்ளைப் பெண்குதிரையைக் கொண்டுவந்து வட்டத்தின் ஓரத்தில் நின்றான். அதை வாங்க வந்தவன் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றான். விலை படியும் தறுவாய்.

அறிவிப்பாளர் எங்களை ஏற்றி, அப்பாவுக்குக் கை கொடுத்து, "பின்னல் கொடுத்த வீரப்பெண் இதோ" என்று என்னைக் காட்டினார். கைதட்டல். யாவாரியும் தட்டினான், பெரிய மனது உள்ளவன்போல. "என்ன பாட்டு?" என்று அறிவிப்பாளர் கேட்டார். நான் ரெக்கோடரை மேசையில் வைத்து, ஒலிவாங்கியை அதன் வாய்க்கு நேரே பிடித்து, அழுத்தினேன். வீட்டிலேயே அந்த இடத்துக்குச் சுற்றி வைத்திருந்தேன்.

மரங்களில் கட்டியிருந்த அத்தனை ஒலிபெருக்கியிலும் அவன் கதைத்தான். அவனுடைய சொந்தப் பேச்சு, அவனுடைய சொந்தச் சிரிப்பு. "எனக்கு அது அப்போதே தெரியும்" என்ற வசனம் வந்தபோது சந்தையில் தொத்திறைச்சி பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. "யா, யா" வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கிழட்டுக் கமக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டார். குதிரை வாங்க வந்தவன் நீட்டியிருந்த கையை மெல்ல இழுத்துக் காற்சட்டைப் பைக்குள் விட்டான். யாவாரி அவனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அதைத்தான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான ஒரு காட்சியை நான் பிறகு கண்டதில்லை. என் பிள்ளைகள் பிறந்தபோதும் இல்லை, யாரும் குறை சொன்னால் சொல்லட்டும்.

நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, ஓடட்டும் என்று விட்டேன். கைவாத்தியம் இன்னொருமுறை இழுத்தது. டக் என்று ஒரு சத்தம். பிறகு அந்த மைதானம் முழுவதும், குதிரைகளுக்கும் கூடாரங்களுக்கும் மேலே, ஒரு சேவல் கூவியது.

"...அதால நீங்கள் யோசிக்காதேங்கோ அம்மா. சித்தி நல்லாப் பாக்கிறா. மற்றப் பக்கத்தை வெறுமையா விட்டிருக்கிறன். அதில நீங்கள்தான் கதைக்கவேணும், அப்பா இல்லை. அப்பா கதைச்சால் புத்திமதிதான் வரும். சரி, வைக்கிறன்."

அம்மா மேடையில் நின்றபடி, அத்தனை சனத்துக்கும் முன்னால், ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, "ஓம் ராசா, கதைக்கிறன்" என்றா.

எங்கள் மூன்று பேரைத் தவிர அங்கே ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் அசையவில்லை. உதவி மனுசி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. அவ அடுத்த கிழமை ஆப்பிள் கேக் செய்துகொண்டு வந்தா. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கேக்கை வெட்டி எல்லோருக்கும் வைத்தா. நான் சாப்பிடவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் நான் ஆப்பிள் கேக் சாப்பிடுவதில்லை என்று நீங்கள் கேலி செய்வீர்களே, காரணம் அதுதான்.

அடுத்த வருஷமும் யாவாரி வந்தான். உள்ளங்கையை நீட்டினான். கதைத்தார்கள், சிரித்தார்கள், குதிரையின் பல்லைப் பார்த்தார்கள், கையில் மட்டும் ஒருவரும் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே வண்டி இல்லை.

அண்ணா வரவில்லை. அந்த ஆவணியில் சித்தப்பாவிடமிருந்து வந்த செய்தியைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, உங்கள் வீடுகளிலும் அப்படிச் செய்தி வந்திருக்கிறது. கசெற்றின் மறுபக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அம்மா கதைக்க இருந்தா, நாளைக்கு நாளைக்கு என்று இருந்தா. அவனுடைய பக்கத்தில் மிஞ்சியது நீங்கள் மேலே வாசித்தவைதான். ரியூப் இல்லை, சம்பல் இல்லை, இருமல் இல்லை. அம்மா சாகும்வரை வெங்காயம் வதக்கும்போது ஒரு இடத்தில் கையை நிறுத்துவா.

திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சந்தை கலைந்த மறுநாள் காலை கதவு மணி அடித்தது. அப்பா திறந்தார். யாவாரி நின்றான். முகம் சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டு, மரக்கட்டைச் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்திருந்தான். ஒரு கையில் கடதாசிப் பை, அதற்குள் என் பின்னல். அவன் நிறையக் கதைத்தான். குடிவெறியில் சொன்னது, அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது, மன்னிக்கவேண்டும். ஊர் ஆட்கள் தன் கையைத் தொடுவதில்லை, உன் அப்பா ஒருமுறை கை கொடுத்தார் என்று தெரிந்தால் போதும் என்றும் சொன்னான். எல்லாவற்றையும் நான் அப்பாவுக்கு ஒழுங்காக மொழிபெயர்த்தேன். பிறகு அவன் அந்தப் பெரிய வலக்கையை நீட்டினான்.

பஸ் சாரதிக்கும் கை கொடுக்கிற மனிதர் என் அப்பா. கொடுத்துவிடுவார் என்றுதான் நான் பயந்தேன். அப்பா அவனுடைய கண்ணைப் பார்த்தார். மொழிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி நேராகப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, தலை குனிந்து, மிகவும் மரியாதையாக வணக்கம் வைத்தார்.

யாவாரி நீட்டிய கையோடு நின்றான். என்னைப் பார்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான்.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.